மலைக்கும் வீட்டுக்கும் ஒரே கைத்துப்பாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருக்கிறது வாஷிங்டன் ஸ்டேட், சியாட்டிலுக்குக் கிழக்கால ஒரு சின்ன ஊர். சனி ஞாயிறு ஆனா கேஸ்கேட் மலைப்பக்கம் ஏறிடுவோம், வருஷத்துல ஒருவாட்டி மொன்டானா, இல்லன்னா வயோமிங். கூட வர்ற நம்ம ஆளுங்க கார்லயும் கேம்ப்லயும் கேட்கிறது பெரும்பாலும் ஒரே கேள்விங்கதான், மலையில கரடிக்கும் ஊர்ல தற்காப்புக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி வாங்கணும்னா எது, அதுக்கு முன்னாடி நாம வாங்கவே முடியுமா, இப்படி. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, அதான் எழுதி வெச்சுட்டேன். நான் போலீஸும் இல்ல வக்கீலும் இல்ல, பல வருஷமா ரேஞ்சுல சுட்டுப் பழகிட்டு இருக்கிற ஒரு ஹைக்கர், அவ்ளோதான். சட்டம் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், கிளம்புறதுக்கு முன்னாடி நீங்களும் ஒருதடவை பாத்துக்கோங்க.

அண்ணா, நான் எச்-1பி. நான் வாங்கலாமா?

பொதுவா முடியாதுப்பா. எச்-1பி, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கி "வெச்சிருக்கிறதே" ஃபெடரல் சட்டப்படி குத்தம், வாங்குறது மட்டும் இல்ல, ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துச் சுடுறதும் அதுல மாட்டும். செல்லுபடியாகிற ஹன்டிங் லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு இருக்கு, ஆனா சில ஸ்டேட்ல அதுக்கு மேல தனி லைசென்ஸும் கேட்பாங்க (எங்க ஸ்டேட் அப்படித்தான்), அதனால இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்காம இறங்காதீங்க. க்ரீன் கார்டு வந்தாச்சுன்னா ஃபெடரல் சட்டத்துல தடை இல்ல. கடையில 4473னு ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, அதுல விசா பத்தின கேள்வியும் வரும், பொய் எழுதினா அது தனி கேஸ். கடையில கைத்துப்பாக்கி வாங்க 21 வயசு ஆகியிருக்கணும்.

சிட்டிசன் ஆன ஃபிரெண்டை விட்டு வாங்கச் சொல்லி நான் வெச்சுக்கிறேனேன்னு ஒருத்தன் என்கிட்டயே கேட்டான். ஸ்ட்ரா பர்சேஸ்னு பேரு, ரெண்டு பேரும் உள்ள போவீங்க. கரடி ஸ்ப்ரே (கரடி மேல அடிக்கிற மிளகாய் ஸ்ப்ரே) வாங்கிக்கோடான்னு சொல்லிட்டேன்.

கரடி ஸ்ப்ரே போதாதா? துப்பாக்கி எதுக்கு?

கரடிக்கு மட்டும்தான்னா பெரும்பாலான இடத்துல ஸ்ப்ரே போதும். நானே இடுப்புல ஸ்ப்ரே, நெஞ்சுல துப்பாக்கின்னுதான் போறேன், கை முதல்ல போறது ஸ்ப்ரேக்குத்தான். டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோன்னு ரெண்டு கரடி ஆராய்ச்சியாளருங்க சேர்ந்து அலாஸ்கா சம்பவங்களை வெச்சுப் பண்ண ஆய்வு 2008ல வந்துச்சு, அதுல ஸ்ப்ரே பழுப்புக் கரடியை (க்ரிஸ்லி இந்த வகைதான்) 92 சதவீதம், கருங்கரடியை 90 சதவீதம் தடவை நிறுத்தியிருக்கு, கையில ஸ்ப்ரே இருந்தவங்கள்ல 98 சதவீதம் பேருக்கு கீறல்கூட இல்ல. அதே குழு 2012ல துப்பாக்கி பத்தி ஒண்ணு போட்டாங்க, கைத்துப்பாக்கி 84, நீளத் துப்பாக்கி 76. உடனே நம்மாளுங்க 92 பெருசா 84 பெருசான்னு ஆரம்பிச்சுடுவாங்க, ஆனா ரெண்டையும் அப்படிப் பக்கத்துல வெச்சு ஒப்பிடக் கூடாது, துப்பாக்கி ஆய்வுல மோசமான மோதல்கள்தான் அதிகம் சேர்ந்திருக்கு, ஸ்ப்ரே ஆய்வுல சும்மா கேம்ப்ல மோப்பம் பிடிக்க வந்த கரடியும் உண்டு. எனக்கு அதுல முக்கியமாப் படறது வேற, கைத்துப்பாக்கி வெச்சிருந்தும் ஆறுல ஒரு தடவை வேலைக்காகல.

க்ரிஸ்லி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல ஓடும். முப்பது கெஜத்துல இருந்து கிளம்பினா ரெண்டு செகண்ட்கூட ஆகாது. அந்த நேரத்துல துப்பாக்கியை உருவி, தலையை ஆட்டிக்கிட்டே வர்ற ஒண்ணைக் குறிபார்த்துச் சுடணும். ஸ்ப்ரேன்னா முன்னாடி ஒரு மேகம் போட்டா போதும்.

அப்போ துப்பாக்கி எதுக்குன்னா, எதிர்க்காத்து பலமா அடிக்கும்போதும் ஸ்ப்ரே தீர்ந்த பிறகும் இன்னொரு வழி வேணும், அப்புறம் கரடி இல்லாத மத்த விஷயங்களுக்கும். ஒண்ணு மட்டும் கவனிங்க, யோசெமிட்டி நேஷனல் பார்க்ல ஸ்ப்ரேக்கு அனுமதி கிடையாது.

ரெண்டு வேலைக்கும் ஒரே துப்பாக்கி நிஜமாவே சரிப்படுமா?

பாதிப்பாதி சரிப்படும். ரெண்டு வேலையும் எதிரெதிர் திசையில இழுக்குது, அதைப் புரிஞ்சுக்கிட்டா மத்த கேள்வியெல்லாம் தானா சுலபமாகிடும்.

மனுஷன்கிட்ட தற்காப்புன்னா தோட்டா உள்ள போய் விரியணும், விரிஞ்சு உடம்புக்குள்ளயே நிக்கணும், பின்னாடி சுவரையும் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. 1986 ஏப்ரல்ல மயாமில நடந்த சண்டையில எஃப்பிஐ ஆளுங்க ரெண்டு பேர் செத்தாங்க, அவங்க சுட்ட ஒரு தோட்டா கையைத் தாண்டி நெஞ்சுக்குள்ள போய் இதயத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் சதைக்குப் பதிலா வெச்சுச் சுட்டுப் பாக்கிற ஜெல்லில 12 அங்குலம் முதல் 18 அங்குலம் வரைக்கும் போகணும்னு ஒரு அளவுகோல் வந்துச்சு, இன்னைக்கு நல்ல ஹாலோ பாயின்ட் (முனையில குழி இருக்கிற, விரியுற) தோட்டா எல்லாமே அதை வெச்சுத்தான் செய்யறாங்க.

கரடிக்கு அந்தக் கணக்கே உதவாது. தடிச்ச தோல், கொழுப்பு, தோள்ல சதை, அதுக்குக் கீழ கனமான எலும்பு, மண்டையோடு சரிவா இருக்கும். விரியுற தோட்டா பாதியிலயே நின்னுடும். அங்க வேண்டியது விரியாம, வளையாம ஆழமாப் போற கெட்டித் தோட்டா. அதே தோட்டாவை அபார்ட்மென்ட்ல சுட்டா எத்தனை ஜிப்சம் சுவரைத் தாண்டும்னு நெனச்சுப் பாருங்க.

அதனால நான் சொல்றது, துப்பாக்கி ஒண்ணு, தோட்டா ரெண்டு. ஊர்ல ஹாலோ பாயின்ட், மலைக்குப் போகும்போது கெட்டித் தோட்டா. மேகசினுக்கு (தோட்டா அடைச்சுத் துப்பாக்கிக்குள்ள சொருகுற பெட்டி) ஒரு கலர் டேப் ஒட்டி வெச்சுக்கோங்க, எது எதுன்னு இருட்டுல தேட வேண்டாம்.

எந்த கேலிபர் (தோட்டா சைஸ்)?

இதுக்குத்தான் சண்டையே. முதல்ல எங்க நடக்கப்போறீங்கன்னு சொல்லுங்க. அலாஸ்காவை விட்டுட்டா அமெரிக்காவுல க்ரிஸ்லி இருக்கிறது மொன்டானா, வயோமிங், ஐடஹோ, வாஷிங்டன்ல ஒரு ஓரம், அவ்ளோதான். கலிஃபோர்னியா கொடியில மட்டும்தான் இருக்கு. மத்த இடமெல்லாம் கருங்கரடி, அது முக்கால்வாசி நேரம் உங்க சத்தம் கேட்டதுமே மரத்துக்குப் பின்னாடி ஓடிடும்.

கருங்கரடி ஏரியான்னா 9 எம்எம் போதும்னு சொல்றவங்க பக்கம்தான் நான், நல்ல தோட்டா போட்டா. 1902ல இருந்து இருக்கிற சைஸ், விலை கம்மி, சுடும்போது கையில வர்ற உதை கம்மி, ஊர்ல தற்காப்புக்கும் இதுதான் பெரும்பாலான போலீஸ் வெச்சிருக்கிறது. சக்தி சுமார் 500 ஜூல். 2016ல அலாஸ்காவுல ஒரு ஹன்டிங் கைடு 9 எம்எம் பிஸ்டலாலயே (மேகசின் போடுற கைத்துப்பாக்கி) தாக்க வந்த க்ரிஸ்லியைக் கொன்னார், அதை வெச்சு 9 எம்எம் க்ரிஸ்லிக்கும் போதும்னு பேசுறாங்க, ஆனா அவர் வாழ்க்கை முழுக்கக் கரடிகளுக்கு நடுவுலயே இருந்தவர், நாம திங்கட்கிழமை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்குப் போறவங்க.

.357 மேக்னம் 1935ல வந்தது, ரிவால்வர் (தோட்டா இருக்கிற உருளை சுத்துற துப்பாக்கி) தோட்டா, 750 ஜூலுக்கு மேல போகும். இதுல ஒரு பெரிய வசதி, அதே ரிவால்வர்ல .38 ஸ்பெஷலும் போடலாம், உதை பாதியாகிடும், பழகுறதுக்கும் வீட்டுக்கும் அது, மலைக்கு மேக்னம். ஒரு துப்பாக்கி ரெண்டு வேலைங்கிறதுக்கு ரொம்ப நாளா இருக்கிற பதில் இதுதான். குட்டி பேரல்ல (குழல்) வாங்கிடாதீங்க, ரெண்டு அங்குலத்துல வேகம் நிறையக் குறைஞ்சு சத்தமும் நெருப்பும் மட்டும் மிச்சமாகும்.

10 எம்எம் ஆட்டோ 1983ல வந்துச்சு. மயாமிக்கு அப்புறம் எஃப்பிஐ இதை எடுத்துப் பாத்து, உதை ஜாஸ்தின்னு விட்டுட்டாங்க, அதைக் குறுக்கித்தான் 1990ல .40 சைஸே வந்துச்சு. போலீஸ் கைவிட்டதை மலைக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. முழு பவர் தோட்டா 850 ஜூலுக்கு மேல, மேகசின்ல 15. கிரீன்லாந்துல டென்மார்க் ராணுவத்தோட சிரியஸ்னு ஒரு நாய்வண்டி ரோந்துப்படை இருக்கு, பனிக்கரடிக்காக அவங்க இடுப்புல இருக்கிறது 10 எம்எம் கிளாக் 20 பிஸ்டல்தான், கூடவே ரைஃபிளும் இருக்கு, அதையும் மறந்துடாதீங்க.

.44 மேக்னம், 1955. கரடிக்கு இதைவிட நல்லது நம்ம கையில அடங்காது. 1300 ஜூல் சாதாரணம். ஆனா ஊர்ல தற்காப்புக்கு? ஒரு குண்டு சுட்டா அடுத்ததுக்குத் துப்பாக்கி திரும்பக் குறிக்கு வரவே நேரமாகும், பழகவே மனசு வராது. நான் ஆரம்பத்துல ரொம்ப லேசான ஒரு .44 வாங்கினேன், தூக்கிட்டு நடக்கச் சுகமா இருந்துச்சு, ரேஞ்சுல ஆறு குண்டுக்கு அப்புறம் உள்ளங்கை ரெண்டு நாள் வலி, ஒரு வருஷத்துல மொத்தமே முப்பது குண்டு சுட்டிருப்பேன், வித்துட்டேன்.

சரி, ரிவால்வரா பிஸ்டலா?

ரிவால்வர் பக்கம் ஒரு பலமான வாதம் இருக்கு. மிருகம் மேல விழுந்து, துப்பாக்கி முனை அதோட உடம்புல அழுந்தியிருந்தா பிஸ்டலோட ஸ்லைடு (மேல முன்னும் பின்னும் நகர்ற பாகம்) பின்னாடி தள்ளப்பட்டு சுடாமலே போகலாம், சுட்டாலும் முடியில, சதையில மாட்டி அடுத்த தோட்டா ஏறாம நிக்கலாம். ரிவால்வருக்கு அந்தக் கவலை இல்ல, ட்ரிகரை இழுத்தா சுத்தும், சுடும். தோட்டாவோட வடிவத்தைப் பத்தியும் அது கண்டுக்காது.

எதிர்ப்பக்கம், டபுள் ஆக்‌ஷன் ட்ரிகர் (ஒரே இழுப்புல சுத்தியலைப் பின்னாடி இழுத்துச் சுடவும் செய்றது) கனம், பத்து பவுண்டுக்கு மேல இருக்கும், பதட்டத்துல அதை நேரா இழுக்கிறது பழகாதவங்களுக்குக் கஷ்டம். அஞ்சு இல்ல ஆறு குண்டு, அப்புறம் ரீலோடு பண்றது ஒரு தனிக் கலை. பிஸ்டல்ல ட்ரிகர் பாதிக் கனம்தான், உதையில கொஞ்சத்தை ஸ்லைடு வாங்கிக்கும்.

வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் ரேஞ்சுக்குப் போவேன்னா எதையுமே வாங்காதீங்கன்னுதான் சொல்லணும், ஆனாலும் கேட்டீங்கன்னா பிஸ்டல்.

சுத்தி வளைக்காம மாடல் சொல்லுங்க ப்ரோ

க்ரிஸ்லி ஏரியாவுக்கு அடிக்கடி போவீங்க, கை பெருசுன்னா கிளாக் 20. தோட்டா நிரப்பினா ஒரு கிலோவுக்கு மேல வரும், பிடி அகலம். பிடி பெருசாத் தெரிஞ்சா ஸ்மித் அண்ட் வெஸ்ஸனோட எம்&பி 10 எம்எம் கையில பிடிச்சுப் பாருங்க. ரிவால்வர்தான் பிடிக்கும்னா ரூகர் ஜிபி100, நாலு அங்குல பேரல், ஸ்டெயின்லெஸ். மழையில நனைஞ்சாலும் தலைமுறை தாங்கும், காலியாவே ஒரு கிலோ தாண்டும், அந்தக் கனம்தான் மேக்னம் உதையை வாங்கிக்குது. கருங்கரடியும் மனுஷனும் மட்டும்தான் கவலைன்னா கிளாக் 19, இல்ல அது சைஸ்ல எந்த நல்ல 9 எம்எம்மும்.

என்கிட்ட இருக்கிறது 10 எம்எம். ஆனா என் மனைவிக்கு அது பிடிக்கல, அவ 9 எம்எம்ல என்னைவிட நெருக்கமாச் சுடுறா, அதனால அவ நெஞ்சுல 9. இதுல விவாதமே இல்ல, படாத 10 எம்எம்மைவிட பட்ட 9 எம்எம் பெருசு.

வாங்குறதுக்கு முன்னாடி ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து ஒவ்வொண்ணுலயும் ஐம்பது குண்டாவது சுடுங்க. எங்க ஸ்டேட்ல இப்போ வாங்கணும்னா பாதுகாப்புப் பயிற்சி சர்டிஃபிகேட் வேணும், பத்து வேலை நாள் காத்திருக்கணும், பத்து தோட்டாவுக்கு மேல பிடிக்கிற மேகசின் 2022 ஜூலைல இருந்து விக்கிறதில்ல. அதனால 15ங்கிற நம்பரைப் பாத்து ஆசைப்படாதீங்க.

கெட்டித் தோட்டான்னு சொன்னீங்களே, கடையில என்ன கேட்கணும்?

ஹார்ட் காஸ்ட்னு கேளுங்க, கடினப்படுத்தின ஈயம், முன்பக்கம் தட்டையா இருக்கும். இல்லன்னா முழுச் செம்புல செஞ்ச சாலிட். கிளாக் வெச்சிருக்கவங்க இங்க நில்லுங்க, உறை இல்லாத ஈயத் தோட்டாவைத் தங்களோட பேரல்ல சுட வேண்டாம்னு கிளாக் கம்பெனியே சொல்லுது, உள்ள ஈயம் படிஞ்சு அழுத்தம் ஏறும்கிறது காரணம். அதனால நான் செம்பு சாலிட் பக்கம் போயிட்டேன். எதை எடுத்தாலும் உங்க துப்பாக்கியில குறைஞ்சது ரெண்டு பெட்டி சுட்டு, சிக்காம ஏறுதா பாருங்க, முழு பவர் தோட்டா ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒத்துவராது. விலை கடுப்படிக்கும். பழகுறதுக்கு மட்டும் மலிவான சாதாரணத் தோட்டா, 10 எம்எம்முன்னா அதுவே 9 எம்எம்மைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும், அந்தச் செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

எங்க மாட்டிக்கிறது? பையில போட்டுக்கலாமா?

பையில போட்டா அது துப்பாக்கி இல்ல, பாரம். பையோட இடுப்பு பெல்ட் வந்து உக்கார்ற இடத்துலதான் சாதாரண ஹோல்ஸ்டரும் (துப்பாக்கி உறை) உக்காரும், ரெண்டும் சேராது. அதனால நெஞ்சு ஹோல்ஸ்டர், பை வாருக்குக் கீழ, ரெண்டு கையாலயும் எட்டுற மாதிரி. ட்ரிகரை முழுசா மூடுற கெட்டியான ஹோல்ஸ்டரா இருக்கணும், துணிப்பையில போட்டு மரக்கிளை மாட்டி வெடிச்சா தொடைதான். ஜாக்கெட்டை மேல மாட்டினதும் அது மறைச்சு வெச்ச துப்பாக்கின்னு ஆகிடும், சில ஸ்டேட்ல அதுக்கு பர்மிட் வேணும். அலாஸ்கா, மொன்டானா, வயோமிங், ஐடஹோல பொதுவா பர்மிட் இல்லாமலே சரி. கலிஃபோர்னியா வேற ஸ்டேட் பர்மிட் எதையும் ஏத்துக்காது.

நேஷனல் பார்க்ல எடுத்துட்டுப் போலாமா?

2010 பிப்ரவரி 22ல இருந்து, அந்தப் பார்க் இருக்கிற ஸ்டேட்டோட சட்டம்தான் பார்க்குக்குள்ளயும். யெல்லோஸ்டோன் மூணு ஸ்டேட்ல கால் நீட்டி இருக்கு, அதனால எந்தப் பக்கம் நிக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கோங்க. விசிட்டர் சென்டர், ரேஞ்சர் ஆபீஸ் மாதிரி ஃபெடரல் கட்டடத்துக்குள்ள கூடவே கூடாது, பாத்ரூம் போகணும்னு அவசரத்துல உள்ள நுழைஞ்சுடாதீங்க. வெச்சிருக்கலாம், சுடக் கூடாது, குறிபார்த்துப் பழகுறேன்னு மரத்துல சுட்டா மாட்டிப்பீங்க. யெல்லோஸ்டோன்ல கரடி, ஓநாய்கிட்ட 100 கெஜம், காட்டெருமை, எல்க் மான்கிட்ட 25 கெஜம் தள்ளி நிக்கணும்னு விதி, இந்த விதியை மதிச்சாலே பாதிப் பிரச்சினை வராது.

அலாஸ்காவுக்கு கார்லயே போறோம், எடுத்துட்டுப் போலாமா?

நடுவுல கனடா இருக்கு. அங்க கைத்துப்பாக்கியோட நுழைய நினைக்காதீங்க, 2022 அக்டோபர்ல இருந்து இன்னும் இறுக்கிட்டாங்க. விமானத்துல போங்க, தோட்டா இல்லாம, பூட்டின கெட்டிப் பெட்டியில, செக்-இன் லக்கேஜ்ல, கவுன்டர்லயே சொல்லிடணும். வேடிக்கை என்னன்னா துப்பாக்கி போகும், கரடி ஸ்ப்ரே எந்த லக்கேஜ்லயும் போகாது, அங்க போய் இறங்கினதும் புதுசா வாங்கணும்.

அப்பலாச்சியன் ட்ரெயிலுக்கும் நிறையப் பேர் கேட்கறாங்க. 14 ஸ்டேட் தாண்டணும், நியூ ஜெர்சி, நியூ யார்க், மாசசூசெட்ஸ் எல்லாம் வழியில. நான் எடுத்துட்டுப் போகமாட்டேன்.

கூகர் (மலைச் சிங்கம்) வந்தா?

ஓடாதீங்க, குனியாதீங்க, சத்தம் போடுங்க, பெருசாத் தெரியுங்க, மேல பாய்ஞ்சா திருப்பி அடிங்க. 2018 மே மாசம் நார்த் பென்ட் பக்கம் சைக்கிள்ல போன ரெண்டு பேரைக் கூகர் தாக்கி ஒருத்தர் இறந்துட்டார், எங்க வீட்டுல இருந்து ரொம்ப தூரமில்ல. 2024 பிப்ரவரில ஃபால் சிட்டி பக்கம் ஒரு பெண்ணைப் பிடிச்சப்போ கூட வந்தவங்க சைக்கிளை வெச்சு அதை அமுக்கியே பிடிச்சிருந்தாங்க. கூகருக்கு எந்த கேலிபரும் போதும், ஆனா அது பின்னாடி இருந்து வரும், பாக்கறதுக்குள்ள மேல இருக்கும். தனியா போகாம இருக்கிறதுதான் மேல்.

ட்ரெயில்ல மனுஷனைப் பாத்து பயந்தா?

தள்ளிப் போங்க. கார் நிறுத்துற இடத்துலதான் எனக்கு எப்பவும் கொஞ்சம் உறுத்தும், கண்ணாடி உடைக்கிறவங்க அங்கதான் சுத்துவாங்க. ஆனா காருக்காகத் துப்பாக்கியை உருவக் கூடாது, பயமுறுத்தக் காட்டினாலே பல ஸ்டேட்ல குத்தம். உயிருக்கு உடனடி ஆபத்து, வேற வழியே இல்லங்கிறப்போதான்.

வீட்டுல, டென்ட்ல எப்படி வெக்கிறது?

குழந்தை இருக்கிற வீட்டுல சேஃப், வேற பேச்சே இல்ல. அலமாரி மேல வெச்சா எட்டாதுன்னு நினைக்காதீங்க, நாம சின்ன வயசுல முறுக்கு டப்பாவை எங்க இருந்து எடுத்தோம்னு நினைச்சுப் பாருங்க. டென்ட்ல நான் ஹோல்ஸ்டரோட தலைமாட்டுல எப்பவும் ஒரே இடத்துல வெப்பேன், பக்கத்துல டார்ச். பசங்க கூட வந்தா சின்னதா ஒரு பூட்டுப் பெட்டி. தண்ணி அடிச்ச ராத்திரி அதைத் தொடுறதே இல்ல.

கரடியைச் சுட்டுட்டா அப்புறம்?

முதல்ல அது செத்துதான் போச்சான்னு கிட்ட போய்ப் பாக்காதீங்க, தள்ளி வந்து தகவல் சொல்லுங்க. அலாஸ்காவை விட்டு மத்த இடத்துல க்ரிஸ்லி 1975ல இருந்து சட்டப் பாதுகாப்புல இருக்கு, உயிரைக் காப்பாத்திக்கச் சுடலாம், ஆனா 5 நாளுக்குள்ள புகார் பண்ணியாகணும். அலாஸ்காவுல நகத்தோட தோலையும் மண்டையோட்டையும் ஸ்டேட்கிட்ட ஒப்படைக்கணும், உரிக்கிற வேலையும் உங்களோடதுதான். விசாரணை வரும், சாப்பாட்டை வெளிய வெச்சிருந்தீங்களான்னு கேட்பாங்க.

ஸ்ப்ரே கேனுக்கு எக்ஸ்பயரி உண்டா?

உண்டு, கேன்லயே போட்டிருக்கும், பொதுவா மூணு நாலு வருஷம். முடிஞ்சதைத் தூக்கிப் போடாம வெளிய எடுத்துட்டுப் போய் ஒருதடவை அடிச்சுப் பழகுங்க, எவ்ளோ தூரம் போகுது, எத்தனை செகண்ட்ல காலியாகுதுன்னு தெரியும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு அடிங்க. நான் பாக்கல, அன்னைக்கு சாயங்காலம் முழுக்கக் குழாயடியில தலையை விட்டுட்டு உக்காந்திருந்தேன்.